நடிகரை வாழ வைப்பது சின்னத்திரையே!

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியிலும் இருப்பவர்களுக்கும், அம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்து பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். வணக்கத்திலேயே பாதி நேரம் போய்விடும், இத்தோடு விட்டுவிடுகிறேன்.

'தமிழ் நடிகரை வாழ வைப்பது பெரிய திரையா, சின்னத்திரையா?' நான் சின்னத்திரை அணி. நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் கெடுத்துவிட்டார். என்ன சொன்னார்? "சினிமா நடிகரை ஜனங்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். சீரியல் நடிகரை வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். முன்வரிசை மஞ்சள் சேலை அக்கா, நீங்கள்தான் பலமாகத் தட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணே, தியேட்டரில் காசை முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். கதவைச் சாத்துகிறார்கள். விளக்கை அணைக்கிறார்கள். அப்புறம் திரையைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பீர்கள்? வீட்டில் அப்படியா? குக்கர் மூணாவது விசில் அடிக்கிறது. பையன் கணக்கு நோட்டைக் காணோம் என்கிறான். மாமியார் காபி கேட்கிறார். வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்க்க ரிமோட்டைத் தேடுகிறார். இத்தனைக்கும் நடுவில், அரிவாள்மனையில் ஓடுகிற கையை நிறுத்தி, "அய்யய்யோ, அந்தக் கடுதாசியைப் படிச்சிட்டாளா?" என்று ஒரு அக்காவை நிமிர வைக்கிறார் பாருங்கள், அவர் நடிகர்! வெங்காயத்தை ஜெயித்தவர்! அண்ணனின் கதாநாயகனை ஒரே ஒரு நாள் எங்கள் வீட்டு அடுப்படிக்கு முன்னால் நடிக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

அதுவும் எப்படி நடிக்கிறார்? சென்னையில் ஒரு வாடகை பங்களா. காலை 9 மணிக்கு மேக்கப் போட்டு நிற்கும்போதுதான் வசனப் பேப்பரே வரும். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பார். அந்த வரியைக் காதில் வாங்கி, ஏதோ தன் வயிற்றிலிருந்து வந்த மாதிரி, கண்ணில் தண்ணீரோடு சொல்ல வேண்டும். முன்கூட்டியே எடுத்து வைத்த எபிசோடு எல்லாம் காலி, நாளைக்கு ஒளிபரப்பு. பத்து டேக் கேட்க முடியுமா? ஆனால் நாள் கணக்கில் சம்பளம். மாதம் பத்துப் பன்னிரண்டு நாள் கால்ஷீட் இருந்தால் சாலிகிராமத்தில் வாடகை பாக்கி இல்லை. வாழ வைப்பது என்றால் வேறென்ன?

சரி, அண்ணன் இன்னொன்றும் சொன்னார். சீரியலில் 'இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு போட்டு ஆளை மாற்றிவிடுவார்களாம். ஆமாம், போடுகிறார்கள். கார்டாவது போடுகிறார்களே! சினிமாவில்?

எங்கள் பெரியம்மா மகன் ஒருவன், ஆண்டிபட்டிப் பக்கம். நடிக்கப் போகிறேன் என்று வடபழனிக்குப் போய், கம்பெனி கம்பெனியாக போட்டோ கொடுத்து, கடைசியில் ஒரு படத்தில் கான்ஸ்டபிள் வேஷம் வாங்கிவிட்டான். "ஐயா கூப்பிடுறாரு, வாங்க." அவ்வளவுதான் வசனம். அதை ஊருக்கு போன் போட்டுச் சொன்னான். பெரியம்மா தெருவுக்கே சொன்னார். பால்காரர்கூட எங்களைப் பார்த்தால் "ஐயா கூப்பிடுறாரு, வாங்க" என்பார்.

படம் வந்த அன்றைக்கு வேன் பிடித்துத் தேனிக்குப் போனோம். எல்லோருக்கும் டிக்கெட் பெரியம்மா செலவு. முதல் பாதி முடிந்தது. ஆளைக் காணோம். "போலீஸ் எப்பவுமே கடைசியிலதான் வரும்" என்றார் மாமா. முறுக்கு சாப்பிட்டோம். இரண்டாம் பாதி. ஜீப் வந்தது. ஸ்டேஷன் வந்தது. கூப்பிட வேண்டிய ஐயா உட்கார்ந்திருக்கிறார். யாரும் கூப்பிடாமலேயே கதாநாயகன் உள்ளே வந்து நிற்கிறான்! ஐயா இருக்கிறார், கதாநாயகன் இருக்கிறான், நடுவில் போய்க் கூப்பிட்டவன் எங்கே? எடிட்டிங்கில் போய்விட்டான்!

அப்போது பெரியம்மா எழுந்தார். "அந்தா! ஜீப்புக்குப் பக்கத்துல ஒரு முதுகு! அது என் பிள்ளை முதுகு!" எங்களுக்குத் தெரிந்தது ஒரு காக்கிச் சட்டை, அதுவும் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. மாமா, "அக்கா, உக்காருக்கா, பின்னாடி மறைக்குதாம்" என்றார். "எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுன முதுகுடா! எனக்குத் தெரியாதா?"

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், திரும்பச் சொல்கிறேன். "எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுன முதுகுடா!" நடுவரே, நீங்களும் சிரிக்கலாம், அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டோம். வேனில் திரும்பி வரும்போது எங்களுக்குப் பேச்சே வரவில்லை. பெரியம்மா மட்டும், "முதுகு நல்லா விழுந்திருந்துச்சுல்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அதே பையனுக்கு அப்புறம் ஒரு சீரியலில் கதாநாயகியின் சித்தப்பா வேஷம் கிடைத்தது. முழு முகம்! இப்போது பெரியம்மா ரேஷன் கடைக்குப் போனால் வரிசையே திரும்புகிறது. "ஏன் பெரியம்மா, உங்க மகன் அந்தப் பிள்ளைய அப்படித் திட்டலாமா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். அவருக்கு அதில் உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

அண்ணனுக்கு ஊர் அறிந்த கணக்கு வேண்டுமென்றால்: டிவியில் 'கலக்கப் போவது யாரு' மேடையில் மிமிக்ரி செய்த சிவகார்த்திகேயன் 2012-இல் 'மெரினா'வில் கதாநாயகன். 'லொள்ளு சபா' என்ற டிவி நிகழ்ச்சி நமக்குக் கொடுத்த ஆள்தான் சந்தானம். விஜய் சேதுபதி 'பெண்' என்ற சீரியலில் நடித்தவர். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் நம்மைச் சிரிக்க வைத்த எம்.எஸ்.பாஸ்கர் 'பார்க்கிங்' படத்துக்குத் தேசிய விருது வாங்கிவிட்டார். "இவர்கள் எல்லோரும் டிவியை விட்டு சினிமாவுக்குத்தானே போனார்கள்?" என்று கேட்கப் போகிறீர்கள், தெரியும். நல்ல கேள்வி. நேரம் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்களைக் கேளுங்கள். 1999-இல் ராதிகா 'சித்தி'யாக வந்தபோது தெருவே வெறிச்சோடியது.

கடைசியாக ஒருவர். இதே தேனி மாவட்டம், வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரியில் பிறந்த மாரிமுத்து. பல வருஷம் உதவி இயக்குநர். 2008-இல் 'கண்ணும் கண்ணும்', 2014-இல் 'புலிவால்' இயக்கினார். எத்தனையோ படத்தில் நடித்தார். பார்த்த முகம் என்பார்கள், பேர் சொல்லத் தெரியாது. 'எதிர்நீச்சல்' சீரியலில் ஆதி குணசேகரனாக வந்து "ஏய், இந்தாம்மா" என்றார். குழந்தைகள்கூட அதைச் சொல்லித் திரிந்தன. தினமும் அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தோம். 2023 செப்டம்பர் 8, அதே சீரியலுக்கு டப்பிங் பேசும்போது நெஞ்சு வலி. போய்விட்டார்.

அன்றைக்கு எங்கள் பெரியம்மா உலை வைக்கவில்லை. "கொள்ளையில போவான்" என்று முந்தின நாள் ராத்திரி திட்டியவர் அவர்தான். "நான் திட்டுனது அவனை இல்லையே, குணசேகரனைத்தானே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். ரத்த சொந்தமா? நேரில் பார்த்தவரா? ஓரக்கண்ணால் பார்த்தவர், அண்ணே!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியில் இன்னும் ஒருவர் பாக்கி. அவர் வாயைத் திறக்கும் முன் அவருடைய அம்மா எந்த சீரியல் பார்க்கிறார் என்று மட்டும் கேட்டுவிடுங்கள். தீர்ப்பு எங்கள் பக்கம்தான். நன்றி, வணக்கம்.