பூண்டை நசுக்கியதும் அடுப்பில் போடாதீர்கள்! அந்த 10 நிமிடத்தில் என்ன நடக்கிறது?

[மேஜை மேல் தோல் உரித்த ஒரே ஒரு பூண்டுப் பல். கேமரா மிக அருகில்.]

வணக்கம். இந்தப் பூண்டுப் பல்லைப் பாருங்கள். ஒரு கீறல்கூட விழாமல் தோலை மட்டும் உரித்து வைத்திருக்கிறேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்கிறேன். லேசாக ஒரு பச்சை வாசனை, அவ்வளவுதான். பூண்டு நெடி என்று சொல்வோமே, அது இல்லை.

இப்போது கத்தியின் அகலப் பக்கத்தை இதன் மேல் வைத்து ஒரே அழுத்து.

[நசுங்கும் சத்தம்.]

ஒன்று, இரண்டு, மூன்று. வந்துவிட்டது. அறை முழுக்க நெடி.

இவ்வளவு நேரம் இது எங்கே ஒளிந்திருந்தது? எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. இந்த நெடிக்குக் காரணமான பொருள் முழுப் பூண்டுக்குள் கிடையாது. நசுக்கிய பிறகுதான் அது உருவாகிறது. பூண்டை மருந்து என்கிறோமே, அந்த மருந்தின் கடைசி வேலையை நம் கைதான் செய்து முடிக்கிறது. அது தெரியாமல் பாதிப் பேர் அந்த மருந்து பிறக்கும் முன்பே அதைக் கொன்றுவிடுகிறோம்.

மூலிகை வைத்தியத்தின் வரலாற்றுக்குள் நான் போகப்போவதில்லை. மனிதனுக்கு முதல் வயிற்றுவலி வந்த நாளிலிருந்தே இலையையும் வேரையும் மென்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். நேராகப் பூண்டுக்குள் போவோம்.

[திரையில்: இரண்டு அறைகள், நடுவில் சுவர்.]

பூண்டின் சில செல்களில் அல்லின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு வாசனை இல்லை. பக்கத்திலேயே வேறு செல்களில் அல்லினேஸ் என்ற நொதி அடைபட்டுக் கிடக்கிறது. பல் முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதே இல்லை. கத்தி பட்டதும் சுவர் உடைகிறது, நொதி அல்லின் மேல் பாய்கிறது, சில வினாடிகளிலேயே அல்லிசின் என்ற புதுப் பொருள் உருவாகத் தொடங்குகிறது. நாக்கைச் சுடும் காரம் அதுதான். சோதனைக்கூடத்தில் கிருமிகளைக் கொல்வதும் முக்கியமாக அதுதான்.

இரண்டு டியூபாக ஒரு பசை விற்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக எத்தனை மாதம் வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. இரண்டையும் பிதுக்கிக் கலக்கிய பிறகுதான் அது பசை. அதுவும் கலந்த கொஞ்ச நேரத்துக்குத்தான் உபயோகம். அல்லிசினும் அப்படித்தான். ரொம்ப நேரம் நிலைத்து நிற்காது, வேறு கந்தகப் பொருள்களாக உடைந்துகொண்டே போகும்.

ஆராய்ச்சியாளர்களுக்கும் இந்தக் கதை பின்னாலிருந்து முன்னால்தான் புரிந்தது. 1944-ல் செஸ்டர் கவல்லிட்டோவும் அவருடன் வேலை செய்தவர்களும் அல்லிசினைப் பிரித்தெடுத்தார்கள். அது எதிலிருந்து வருகிறது என்பது 1948-ல்தான் தெரிந்தது. பிள்ளையை முதலில் பார்த்துவிட்டு, நான்கு வருடம் கழித்துத் தாயைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

சரி, செடி எதற்காக இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது? நமக்காக இல்லை, கடிக்க வரும் பூச்சிக்காக. அல்லிசின் பூண்டின் செல்களுக்கே ஆகாத பொருள். அதைத் தயாராகச் செய்து உடம்பு முழுக்க வைத்திருந்தால் செடி தன்னையே சுட்டுக்கொள்ளும். அதனால், கடி விழுந்த இடத்தில் மட்டும், கடி விழுந்த நொடியில் மட்டும் ஆயுதம் தயாராகிறது. நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

இனி சமையலுக்கு வருவோம். நொதி என்பது ஒரு புரதம். சூடு பட்டால் புரதம் உருக்குலைந்துவிடும். முட்டையின் வெள்ளை வெந்து கெட்டியாகிறது இல்லையா, அதே கதைதான். பூண்டை நசுக்கி உடனே கொதிக்கும் எண்ணெயில் போட்டால், அல்லினேஸ் தன் வேலையைத் தொடங்கும்போதே செத்துவிடும். முழுப் பல்லாகவே வேகவைத்தால் தொடங்கவே தொடங்காது. வெந்த முழுப் பூண்டு இனிப்பாக, வெண்ணெய் மாதிரி இருப்பதற்குக் காரணமே இதுதான். ருசி அருமை. ஆனால் அதில் அல்லிசினைத் தேடாதீர்கள்.

2001-ல் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. பூண்டை வெறும் 60 வினாடி மைக்ரோவேவில் வைத்தாலே அதன் பாதுகாப்புப் பலன் போய்விட்டது. அதே பூண்டை நசுக்கி, 10 நிமிடம் சும்மா விட்டு, அப்புறம் சூடாக்கினால் பலனில் ஒரு பகுதி தப்பித்தது. எலிக்கு நடந்ததெல்லாம் மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூண்டை முதலில் நசுக்கி ஓரமாக வைத்துவிட்டு மற்ற காய்களை நறுக்குவதற்கு ஒரு செலவும் இல்லையே? எங்கள் அடுப்படியில் இப்போது அந்த வரிசைதான்.

என் அப்பா பல வருடம் காலையில் ஒரு பூண்டுப் பல்லை அப்படியே தண்ணீரோடு விழுங்கிவந்தார். மெல்ல மாட்டார், வாய் நாறும் என்று. முழுதாகப் போன பல்லில் சுவர் உடையவில்லை. இரைப்பையின் அமிலத்தில் அந்த நொதி நன்றாக வேலை செய்வதும் இல்லை. அவர் எவ்வளவு ஒழுங்காகச் செய்தார் தெரியுமா, ஒரு நாள் தவறவிட்டதில்லை. அதனால்தான் எனக்கு இதைப் பேசாமல் இருக்க முடியவில்லை. 'இது உடம்புக்கு நல்லது' என்று மட்டும் சொல்லி அனுப்பும் செய்தி பாதிச் செய்திதான். எப்படிச் சாப்பிடுவது என்பதுதான் மீதிப் பாதி, அங்கேதான் மருந்தே இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இந்த வீடியோவை அவருக்கு அனுப்புங்கள். சண்டை போடாமல் அனுப்புங்கள்.

கடுகும் இதே சூத்திரம்தான், பூண்டுக்குப் பங்காளி என்றே சொல்லலாம். முழுக் கடுகை முகர்ந்தால் ஒன்றும் இருக்காது. பொடித்துப் பச்சைத் தண்ணீரில் குழைத்தால் கண்ணில் நீர் வரும். கொதிநீரில் குழைத்தால் நொதி செத்து, சப்பென்று ஆகிவிடும். வெங்காயம் வெட்டும்போது அழுவதும் இதே குடும்பக் கதை. பிராக்கோலியை வேகவைத்துவிட்டீர்களா? மேலே கொஞ்சம் பச்சைக் கடுகுப் பொடி தூவுங்கள். சூட்டில் செத்துப்போன நொதியின் வேலையைக் கடுகின் நொதி எடுத்துக்கொள்ளும். செத்தவருக்குப் பதில் பங்காளி வந்து வேலையை முடித்துக் கொடுக்கிற மாதிரி!

[இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் எண்ணெய்.]

அடுத்தது மஞ்சள். இரண்டு டம்ளரிலும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டுக் கலக்குகிறேன். கொஞ்சம் பொறுங்கள். தண்ணீரில் தூள் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. எண்ணெயில் தூள் கீழே இறங்கினாலும், எண்ணெயே பொன் நிறமாகிவிட்டது. மஞ்சளின் நிறப்பொருளான, எல்லோரும் பேசும் குர்குமினுக்குத் தண்ணீர் ஆகாது, கொழுப்புதான் சிநேகம்.

எவ்வளவு குர்குமின் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? மஞ்சள் தூளில் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம்தான். அதிலும் குடல் உறிஞ்சுவது சொற்பம். உறிஞ்சியதையும் கல்லீரல் 'இது வெளியாள்' என்று முத்திரை குத்தி வெளியே தள்ளிவிடுகிறது. இங்கேதான் மிளகு வருகிறது. மிளகின் காரப்பொருளான பைப்பரின் அந்த முத்திரை குத்தும் வேலையைத் தாமதப்படுத்துகிறது. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு என்று வந்தது.

கேட்க அட்டகாசமாக இருக்கிறது. ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். 20 மில்லிகிராம் பைப்பரின் ஒரு சிட்டிகை மிளகுத் தூளிலேயே கிடைத்துவிடும், அது சுலபம். 2 கிராம் குர்குமின் வேண்டுமென்றால் ஏறக்குறைய 20 டீஸ்பூன் மஞ்சள் தூள் சாப்பிட வேண்டும்! சமையலில் போடும் மஞ்சளையும் ஆய்வில் கொடுத்த மஞ்சளையும் ஒன்றாக எண்ணிப் பேசுவது நியாயமில்லை. நான் மஞ்சளும் மிளகும் எண்ணெயில் வதக்கியேதான் சாப்பிடுகிறேன், பிடித்துச் சாப்பிடுகிறேன். அதைச் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயம், இதைத் தயவுசெய்து கவனியுங்கள். மிளகு ஏமாற்றுகிற அந்தக் கல்லீரல் காவல்காரன் குர்குமினை மட்டும் சோதிப்பவன் இல்லை. நாம் சாப்பிடும் மாத்திரைகளும் அவனைத் தாண்டித்தான் போகின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ப்ரொப்ரானலால் போன்ற மருந்துகளின் அளவு பைப்பரினால் ரத்தத்தில் கூடுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சாப்பாட்டில் தூவும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். 'அதிவேக உறிஞ்சுதல்' என்று எழுதி விற்கிற மஞ்சள் கேப்ஸ்யூல்கள்தான் என் கவலை. 2019-ல் இத்தாலியில் மஞ்சள் துணை உணவுகளை எடுத்துக்கொண்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து அரசு எச்சரிக்கை வெளியிட்டது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், கேப்ஸ்யூலை வாங்கும் முன் மருத்துவரிடம் அதன் டப்பாவைக் காட்டுங்கள்.

இஞ்சிக்கு ஒரே நிமிடம். ஒரே பொருளுக்குத் தமிழ் இரண்டு பெயர் வைத்திருக்கிறது, இஞ்சி என்றும் சுக்கு என்றும். வேதியியலும் அதை ஒப்புக்கொள்கிறது. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். காய்ந்தால் அதில் ஒரு பங்கு நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது, காரம் இன்னும் கூடுகிறது. குமட்டலுக்கு, குறிப்பாகக் கர்ப்பக் குமட்டலுக்கு, இஞ்சி உதவுவதை நல்ல ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அங்கே பெரும்பாலும் ஒரு நாளைக்கு 1 கிராம் அளவு சுக்குப் பொடிதான் கொடுத்தார்கள்.

[திரையில்: மெல்லிய இறகு போன்ற இலைகள் கொண்ட செடி.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1969-ல் சீனாவில் தூ யூயூ என்ற பெண் ஆராய்ச்சியாளரிடம் மலேரியாவுக்கு மருந்து தேடும் வேலையைக் கொடுத்தார்கள். பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டி நூற்றுக்கணக்கான மூலிகைகளை அவருடைய குழு சோதித்தது. ஆர்ட்டெமிசியா என்ற செடி ஒரு தடவை நன்றாக வேலை செய்யும், அடுத்த தடவை ஒன்றுமே இருக்காது. ஏன் என்று புரியவில்லை. மறுபடியும் ஏட்டுக்கே போனார். 4-ஆம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற வைத்தியர் எழுதிய குறிப்பில் ஒரு வரி இருந்தது. ஒரு பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடி.

பிழி என்று இருக்கிறது. கொதிக்கவை என்று இல்லை!

அந்த ஒரு சொல்லில் அவருக்குப் பொறி தட்டியது. சூட்டில்தான் மருந்து அழிகிறதோ? கொதிக்கும் நீருக்குப் பதிலாக, சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளிடம் இருந்த மலேரியாக் கிருமியை முழுவதுமாக ஒழித்தது. அந்தச் சாற்றுக்குள் இருந்த மருந்துதான் ஆர்ட்டெமிசினின். லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய அந்த மருந்துக்காக 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 1,600 வருடம் அந்த வினைச்சொல் ஏட்டில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்காக மலேரியா வந்தால் அந்த இலையைக் காய்ச்சிக் குடிக்கலாமா? கூடாது. இலைக்கு இலை மருந்தின் அளவு மாறும், கிருமி பிழைத்துக்கொண்டு இன்னும் வலுவாகும். உலக சுகாதார அமைப்பே அதைப் பரிந்துரைப்பதில்லை.

போகும் முன் கடகடவென்று சில எச்சரிக்கைகள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம். அதில் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், பிஞ்சுக் குடலில் அவை முளைத்துவிடும். நசுக்கிய பூண்டைத் தோலில் வைத்துக் கட்டாதீர்கள், தீக்காயம் போலவே புண்ணாகும். பூண்டு ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். என் அப்பாவுக்கு ஒருமுறை அறுவை சிகிச்சைக்கு முன், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் பூண்டைச் சொல்லவே இல்லை. அது சாப்பாடுதானே என்று விட்டுவிட்டார். நீங்கள் தினமும் பூண்டையோ பூண்டு மாத்திரையையோ மருந்தாக எடுப்பவர் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் கூடுதலாக உள்ளவர்களுக்குப் பூண்டு அதைச் சற்றுக் குறைப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை.

சரி, இன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பூண்டுப் பல் எடுங்கள். ஒன்றை முழுதாகவே கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, அப்புறம் நசுக்குங்கள். மற்றதைப் பச்சையாக நசுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் முகர்ந்து பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். எதில் என்ன வாசனை வந்தது என்று கீழே கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படிப்பேன்.