தீர்ப்புக்குப் பிறகும் வழக்கறிஞர்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், இந்தக் கொழிஞ்சாம்பாறையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம்.

வழக்கு நடக்கும்போது வக்கீல் வேண்டும் என்பதை இங்கே யாரும் மறுக்கமாட்டீர்கள். குற்றவாளி என்று நீதிபதி சொல்லிவிட்ட பிறகு வக்கீலுக்கு என்ன வேலை என்று கேட்டால்தான் தயங்குவோம். ஆனால் ஒருவர் எத்தனை ஆண்டு உள்ளே இருப்பார் என்பது அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் முடிவாகிறது.

செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானதும், தண்டனையின் அளவு குறித்துக் குற்றவாளியின் தரப்பைத் தனியாகக் கேட்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 235(2) ஆவது பிரிவு, இன்றைய புதிய சட்டத்தில் 258(2). அப்படிக் கேட்காமல் விதித்த மரண தண்டனையை 1976-இல் சந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, வழக்கைக் கீழமை நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. வயது, உடல்நலம், குடும்பநிலை, முன்குற்றம் இல்லாமை ஆகியவற்றை ஆவணத்தோடு எடுத்துவைக்க வேண்டிய நேரம் அது. கூண்டில் நிற்பவரோ "வயசான அம்மா இருக்காங்க சார்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுவார். கேள்வி மலையாளத்தில் வந்தால் அந்த ஒரு வரியும் வராது.

அடுத்தது மேல்முறையீடு. 1978-இல் ஹோஸ்காட் வழக்கில், தீர்ப்பின் நகலைக் கைதிக்கு இலவசமாக, காலம் தாழ்த்தாமல் கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டும் என்றும், வசதியில்லாதவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் தரவேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் பாலக்காட்டில் பிறந்தவர். 1957-இல் கேரள அமைச்சராகச் சிறைத்துறையையும் கவனித்தவர். நம் ஊர்க்காரர் என்று நான் பெருமை பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கவில்லை என்பதற்காகவும் இந்த உதவியை மறுக்க முடியாது என்று 1986-இல் சுக் தாஸ் வழக்கு சொன்னது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், காவலில் இருப்பவரின் வருமானத்தையே பார்ப்பதில்லை. ஊரில் தென்னந்தோப்பு இருந்தாலும் அவருக்கு உரிமை உண்டு.

முன்விடுதலை, அதாவது தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுதலை, கோரும் இடத்தில்தான் நிலைமை மெலிகிறது. அங்கே விசாரணைக் கூடம் இல்லை, கோப்பு மட்டுமே நகர்கிறது. நேரில் வாதாட வக்கீலை நிறுத்தும் உரிமை முன்விடுதலைக்கான சட்டப் பிரிவில் எழுதப்படவில்லை. ஆகவே மனு எழுதும் கைதான் வாதாடும் வாய். தகுதியுள்ள கைதி மனுப் போடாவிட்டாலும், கொள்கை வகுத்துள்ள அரசு தானே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது நல்ல செய்தி. இருந்தும் எந்த அரசு? எல்லையில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி முக்கியம். தண்டனை விதித்த நீதிமன்றம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த அரசுதான் என்று 2024 ஜனவரியில் தீர்ப்பாயிற்று. பொள்ளாச்சிக்காரருக்குப் பாலக்காட்டில் தண்டனை கிடைத்தால், கோப்பு திருவனந்தபுரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே தலைமைச் செயலகத்துக்குக் கேரளத் தமிழர் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்தியிருக்கிறோம்?

உறவினர் யாரேனும் சிறையில் இருந்தால், வழக்கு எண்ணையும் தீர்ப்பு நாளையும் எழுதிக்கொண்டு நம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் நீதிமன்ற வளாகத்துக்குப் போய்ச் சட்ட உதவி கேளுங்கள். போக இயலாதவர்கள் 15100 என்ற எண்ணை அழையுங்கள். தீர்ப்பு நகல் கைதியின் கைக்கு வந்ததா என்பதை முதலில் கேளுங்கள்.