ஏட்டில் எழுதிய வயது

நேயர்களுக்கு வணக்கம். விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த எளிய குடும்பமொன்றின் முன்னோரைத் தேடுபவர் எந்த ஏடுகளைப் புரட்ட வேண்டும், அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றி இன்று பேசுகிறேன்.

அரசி பட்டத்துக்கு வந்த சில நாட்களிலேயே, 1837 ஜூலை 1 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதியத் தொடங்கியது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும் என்பதால், ஒரே ஊரில் பிறந்த மூன்று ஜான் ஸ்மித்துகளில் நமக்கு வேண்டியவர் யார் என்று பிரித்தறியவும், அங்கிருந்து பெற்றோரின் திருமணப் பதிவுக்குப் போய்ச் சேரவும் அது கைகொடுக்கிறது. ஆனால் பிறப்பைப் பதியும் பொறுப்பைப் பெற்றோர் மீது கண்டிப்பாகச் சுமத்திய சட்டம் 1874இல்தான் வந்தது. அதற்கு முன் விடுபட்ட குழந்தைகள் பலர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் தேடுபவர் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார். 1841 ஜூன் 6ஆம் தேதி இரவு யார் யார் எந்த வீட்டில் தங்கியிருந்தார்கள் என்று குறித்த ஏட்டில், 15 வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி விதி இருந்தது. எனவே 34 வயதுக்காரர் 30 ஆகிறார், 39 வயதுக்காரர் 35 ஆகிறார். எழுத்தர் எல்லோரும் அவ்விதியைப் பின்பற்றவும் இல்லை. இதை அறியாதவர் அந்த வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டு, இல்லாத ஆண்டில் ஞானஸ்நானப் பதிவைத் தேடிக்கொண்டிருப்பார். பிறந்த ஊரும் அதில் கிடைக்காது. இதே கவுண்டியில், அதாவது மாவட்டம் போன்ற நிலப்பிரிவில், பிறந்தவரா, ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

1851 மார்ச் 30ஆம் தேதிக் கணக்கெடுப்பு இதைச் சரிசெய்தது. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, முழு வயது, எந்தத் திருச்சபை வட்டத்தில் பிறந்தவர் என்பவை அதில் உண்டு. அந்தக் கடைசிக் கட்டமே 1837க்கு முற்பட்ட காலத்தின் வாசல். ஏனெனில் திருச்சபைப் பதிவேடுகள் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் 1538ஆம் ஆண்டு ஆணையிலிருந்து தொடங்குகின்றன. பெயரின் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். லண்டன் டீன் தெருவில் குடியிருந்த கார்ல் மார்க்ஸே 1851 கணக்கெடுப்பு ஏட்டில் 'சார்லஸ் மார்க்' ஆகிவிட்டார். எழுத்தர் காதில் விழுந்ததுதானே எழுத்தாகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது திருமணப் பதிவு. மணமக்களின் தந்தையர் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் இட்ட பெருக்கல் குறியும் மூலப் பதிவேட்டில் அப்படியே நிற்கும். தந்தையின் கட்டம் வெறுமையாக இருந்தால், மணமகன் திருமண உறவுக்கு வெளியே பிறந்தவராக இருக்கக்கூடும். வேறு சான்று கிடைக்கும்வரை அந்த வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்பாமல் விடுவதே நேர்மை என்பது என் கருத்து.

1851இல் வீட்டிலிருந்த மகன் 1861இல் காணாமற்போனால், இறப்புப் பதிவோடு சென்னையையும் நினைவில் கொள்ளுங்கள். படையிலும் அலுவலகங்களிலும் பணியாற்ற இங்கு வந்தவர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் சென்னை மாகாணத் தேவாலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட, கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் பதிவுகளும் அவற்றில் அடங்கும்.