ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்: சியாட்டில் பொங்கல் விழாவுல பேசினது

எல்லாருக்கும் வணக்கம். சங்கத் தலைவர் ஐயா அவர்களே, செயலாளர் அம்மா அவர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, ஊர்லேர்ந்து பேரப்பிள்ளைங்களைப் பாக்க வந்திருக்கற அப்பா அம்மாக்களே, விடியக்காலையிலேர்ந்து அடுப்படியில நிக்கற தம்பிங்களே, நம்ம அழைப்பை மதிச்சு வந்திருக்கற நகர்மன்ற உறுப்பினர் அம்மையாருக்கும் என் வணக்கம், அவங்களுக்குத் தமிழ் தெரியாது, பக்கத்துல நம்ம பொண்ணு ஒண்ணு மெதுவா மொழிபெயர்த்துச் சொல்லிட்டு இருக்கு, அந்தப் பொண்ணுக்கும் ஒரு கைத்தட்டு குடுங்க.

பெரிய டெக் கம்பெனிங்க அரசியலுக்குக் குடுக்கற பணத்தைப் பத்திப் பேசப் போறேன். மூணு விஷயம். ஒண்ணு சட்டம், ரெண்டாவது ஜனாதிபதி பதவியேற்பு விழா, மூணாவது கலிஃபோர்னியாவுல ஊபர் பண்ணுனது. எங்க ஆத்தா ஒரு பழமொழி சொல்லும், ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு. இன்னிக்கு முழுக்க அதைத்தான் சொல்லப் போறேன்.

சட்டத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். எம்.பி., செனட்டர் தேர்தல்ல நிக்கற வேட்பாளருக்குக் கம்பெனி கஜானாவுலேர்ந்து நேரா ஒரு டாலர்கூட குடுக்க முடியாது, 1907ல வந்த டில்மன் சட்டத்துலேர்ந்தே அப்படித்தான். அதனால கம்பெனி பேருல பி.ஏ.சி.ன்னு ஒரு நிதிக் குழு வெச்சு, ஊழியருங்க சம்பளத்துல பிடிச்சு அதுலேர்ந்து குடுப்பாங்க, ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலர் வரைக்கும். 2010ல சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்குல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ன்னு தீர்ப்பு சொல்லி, வேட்பாளரோட சேராம தனியா செலவு பண்ணுனா கம்பெனிக்கு உச்சவரம்பே இல்லன்னு ஆக்கிடுச்சு. ஆப்பிள் பி.ஏ.சி.யே வெச்சுக்கல, அது இல்லாமயும் கம்பெனி நல்லாத்தான் நடக்குது.

இந்த பி.ஏ.சி. விஷயத்துல நமக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி கதையைச் சொல்லியே ஆகணும். பேர் வேணாம், கம்பெனி பேரும் வேணாம். மன்னார்குடி பக்கம். பத்து வருஷத்துக்கு மேல கிரீன் கார்டுக்குக் காத்துக் கிடந்தவரு. விசாவுல இருக்கறவங்க அரசியலுக்குப் பணம் குடுக்கக் கூடாது, கிரீன் கார்டு வந்துட்டா குடுக்கலாம். கார்டு வந்த கொஞ்ச நாள்லயே ஆபீஸ்ல மெயில் வருது, எங்க பி.ஏ.சி.ல சேருங்கன்னு. தம்பிக்குப் பெருமை தாங்கல, நம்மளையும் ஒரு ஆளா மதிச்சுக் கேக்கறாங்கன்னு டிக் போட்டுட்டாரு, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 20 டாலர். ஒரு நாள் ஒரு எம்.பி. ஆபீஸுக்கு வந்தாரு, இவரும் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினாரு, அம்மா அதை ஃபிரேம் போட்டுக் கூடத்துல மாட்டி, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டிட்டு இருந்தாங்க. இவரு வீட்டம்மா ஊர்ல கூட்டுறவு பேங்க்ல வேலை பாத்தவங்க, கணக்குல கெட்டி. அவங்க ஒரு ராத்திரி தேர்தல் கமிஷன் வெப்சைட்டுல சும்மா இவரு பேரைப் போட்டுப் பாத்திருக்காங்க. 200 டாலருக்கு மேல போனா பேரு, வேலை, கம்பெனி எல்லாம் அதுல வந்துடும். வருஷத்துக்கு 520 டாலர், இவரு பேரு இருக்கு. சரி, இந்த பி.ஏ.சி. அந்தப் பணத்தை யாருக்குக் குடுத்துச்சுன்னு அடுத்த பக்கத்தைத் தட்டினா, டிவியில உக்காந்து வெளிநாட்டு ஆளுங்களுக்குக் கிரீன் கார்டே குடுக்கக் கூடாதுன்னு பேசற ஆளு பேரும் அதுல இருக்கு! அந்த அம்மாவோட சொந்தத் தம்பி இன்னும் அதே கிரீன் கார்டு வரிசையில நிக்கறாரு. அவங்க கேட்டாங்களாம், "ஏங்க, மளிகை பில்லுல ரெண்டு டாலர் கூட வந்தா வரிசையில நின்னு திருப்பி வாங்கறீங்க, இந்தப் பணம் யாருகிட்ட போகுதுன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலயா?" மறுநாளே தம்பி அந்தப் பிடித்தத்தை நிறுத்திட்டாரு. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும், அந்தப் பொம்பளை அளந்து பாத்துச்சு.

அடுத்தது பதவியேற்பு. 2025 ஜனவரி 20 டிரம்ப் பதவியேற்பு விழாவுக்கு அமேசான், மெட்டா, கூகுள், மைக்ரோசாஃப்ட் ஒவ்வொண்ணும் பத்து லட்சம் டாலர் குடுக்கறதா சொல்லுச்சு. ஆப்பிள் டிம் குக் தன் சொந்தப் பணத்துல பத்து லட்சம். நம்ம மதுரையில பொறந்த சுந்தர் பிச்சையும் அன்னிக்கு அந்த மண்டபத்துல முன்னாடி நின்னாரு, டிவியில பாத்து நம்ம வீடுகள்ல எல்லாம் சந்தோஷப்பட்டோம். விழாக் கமிட்டிக்கு மொத்தம் சேந்தது கிட்டத்தட்ட 24 கோடி டாலர். இதுல கம்பெனி நேராவே குடுக்கலாம், உச்சவரம்பும் கிடையாது. குடுத்தவங்க பேரைச் சொல்லணும், ஆனா கமிட்டி அதை எதுக்குச் செலவு பண்ணுச்சு, மிச்சம் என்னாச்சுன்னு கணக்குக் காட்டணும்னு சட்டம் இல்ல. 2009ல ஒபாமா பதவியேத்தப்போ கம்பெனிப் பணமே வேணாம்னுட்டாரு, அப்பவும் விழா ஜேஜேன்னுதான் நடந்துச்சு.

தலைவர் ஐயா மணியைப் பாக்கறாரு, ஊபர் கதையை இன்னொரு நாள் சொல்றேன், 2020ல ஓட்டுநருங்களை ஊழியரா சேக்காம இருக்கறதுக்காக ஊபரும் மத்த ஆப் கம்பெனிங்களும் 20 கோடி டாலருக்கு மேல கொட்டி மாநில வாக்கெடுப்புல ஜெயிச்சாங்கங்கறதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

நான் வந்த காரியம் வேற. இங்க பாதிப் பேருக்கு இந்த நாட்டுல ஓட்டு இல்ல, ஆனா கம்பெனியில இருக்கு! சம்பளத்தோட வர்ற ஷேர் வெஸ்ட் ஆன உடனே, அதாவது முழுசா நம்ம சொந்தமான உடனே, அமேசான், மைக்ரோசாஃப்ட்ல ஒரு ஷேருக்கு ஒரு ஓட்டு, விசா என்னன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கூகுள்காரங்களுக்கு ஆபீஸ்ல குடுக்கறது கிளாஸ் சி, அதுக்கு ஓட்டு கிடையாது, மெட்டாவுல பாதிக்கு மேல ஓட்டு சக்கர்பெர்க் கையில, அதையும் மறைக்காம சொல்லிடறேன். அமேசான் பங்குதாரர் கூட்டத்துல லாபியிங் கணக்கை, அதாவது அரசாங்கத்தைத் தன் பக்கம் இழுக்கப் பண்ற செலவை, இன்னும் விரிவா வெளிய விடணும்னு பல வருஷம் பங்குதாரருங்க தீர்மானம் கொண்டு வந்தாங்க, போர்டு வேணாம்னு ஓட்டு போடச் சொல்லுச்சு, நம்ம ஆளுங்க மெயிலைத் திறக்காமலே டெலீட் பண்ணிடறாங்க. தீர்மானம் ஜெயிச்சாலும் கம்பெனி கேட்டே ஆகணும்னு கட்டாயம் இல்லதான், ஆனா கேக்கறவங்க கூடக் கூட பயம் வரும். 2021ல வாஷிங்டன்ல நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடல்ல நடந்த கலவரத்துக்கு அப்புறம் மைக்ரோசாஃப்ட் ஊழியருங்க கேள்வி கேட்டுத்தானே, தேர்தல் முடிவை ஏத்துக்க மாட்டேன்னு ஓட்டு போட்ட எம்.பி.ங்களுக்கு 2022 தேர்தல் வரைக்கும் பணம் கிடையாதுன்னு அந்தக் கம்பெனி சொல்லுச்சு? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு அவங்களும்தானே கேட்டாங்க!

ஏப்ரல் வாக்குல அமேசான் ப்ராக்ஸி மெயில், அதாவது கூட்டத்துக்குப் போகாமலே ஓட்டு போடறதுக்கான மெயில் வரும், மே மாசம் கூட்டம். சாப்பாட்டுப் பந்தி பக்கத்துல ஒரு மேசை போட்டிருக்கோம், போனோட வாங்க, ஷேர் கணக்குல அந்த ஓட்டு எங்க இருக்குன்னு ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து காட்டித் தர்றோம். நன்றி, வணக்கம்.