வீல் கப் கழன்று போனால் புதுசு போட வேண்டுமா?

வணக்கம். நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உளுந்தூர்பேட்டை தாண்டி வரும்போது முன் சக்கரத்து வீல் கப் எங்கேயோ விழுந்துவிட்டது, அது இல்லாமல் ஓட்டலாமா, பிளாஸ்டிக்தானே?" வீல் கப் என்பது சக்கரத்தின் வெளிமுகத்தை மூடும் தட்டு மாதிரியான மூடி. அது இல்லாமல் தாராளமாக ஓட்டலாம். ஸ்டீல் ரிம்மில் அது அழகுக்குத்தான். எனக்குக் கவலை உங்கள் வண்டியைப் பற்றி இல்லை, அது விழுந்த நேரத்தில் பின்னால் பைக்கில் வந்தவரைப் பற்றித்தான்.

சென்னை பைபாஸில் ஒருமுறை கண்ணால் பார்த்தேன். எனக்கு முன்னால் போன காரிலிருந்து கழன்ற கப் கீழே விழாமல் நிமிர்ந்தபடியே உருண்டு, அடுத்த லேனைக் கடந்து இடது ஓரத்துக்குப் போனது. அங்கே மனைவியையும் குழந்தையையும் உட்கார வைத்து ஓட்டி வந்தவர் பிரேக்கை அழுத்தியதில் பின் சக்கரம் இழுத்தது, எப்படியோ காலை ஊன்றி நிறுத்திவிட்டார். கார்க்காரருக்கு ஒன்றும் தெரியாது, போயே போய்விட்டார்.

2009-இல் ஹங்கேரியில் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் பாரிக்கெல்லோ என்ற ஓட்டுநரின் காரிலிருந்து ஒரு ஸ்பிரிங் கழன்றது, எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ. பின்னால் வந்த இன்னொரு ஓட்டுநர் ஃபெலிப்பே மாஸாவின் ஹெல்மெட்டில் அது பட்டு மண்டையோட்டில் அடி, அந்த சீசனின் மீதிப் பந்தயங்கள் அவருக்குப் போய்விட்டன. ஸ்பிரிங்கின் வேகத்தைவிட அவர் அதை நோக்கி வந்த வேகம்தான் அடியைக் கொடுத்தது. நம் ரோட்டிலும் அதே கணக்குதான், மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 22 மீட்டர், பைக்காரருக்கு யோசிக்க நேரம் ஏது?

சரி, ஏன் கழல்கிறது? கப்பைத் திருப்பிப் பாருங்கள், சுற்றிலும் சின்னப் பிளாஸ்டிக் கால்கள், அவற்றை வெளிப்பக்கம் தள்ளிப் பிடிக்க ஒரு கம்பி வளையம், அதில் ஓரிடத்தில் மட்டும் வளைவு இருக்கும். அந்த வளைவு காற்றடிக்கும் வால்வுக்கு நேராக உட்கார வேண்டும். பஞ்சர் கடையில் அவசரத்தில் எங்கேயோ வைத்துக் கையால் ஓங்கித் தட்டிவிடுவார்கள், இரண்டு கால் அப்போதே உடைந்துவிடும். மீதி பிரேக் சூட்டில் நாள்பட விறைத்துப் போய் விரிசல் விடும். கால் உடைந்த கப்பைக் கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள், அல்லது ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் இரண்டு மூன்று போட்டு ரிம்மோடு கட்டி, மிஞ்சும் டேக் நுனி பிரேக்கில் உரசாமல் நறுக்கிவிடுங்கள்.

என்ஜினுக்கு அடியில் இருக்கும் கவரும் இப்படித்தான், ஆயில் மாற்றும்போது கிளிப் தொலைந்தால் பலர் திரும்பப் போடுவதில்லை. ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது தரையில் உரசும் சத்தம் கேட்டால் அன்றைக்கே குனிந்து பாருங்கள். அப்புறம் சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

ஹைவேயில் ஏதாவது விழுந்ததாகத் தெரிந்தால் எடுக்க ரோட்டுக்குள் ஓடாதீர்கள். இடது ஓரமாக நிறுத்தி, நான்கு விளக்கையும் போட்டுவிட்டு, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குக் கூப்பிட்டு எந்தக் கிலோமீட்டர் கல் பக்கம் கிடக்கிறது என்று சொல்லுங்கள்.