தும்பை விடாதீர்கள்

(பெரம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, வார்டு வேலைகளுக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, அரசு மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் டாக்டர் அம்மா அவர்களே, கேட்ட அறிவியல் புத்தகத்தை எப்படியாவது வரவழைத்துத் தரும் நூலகர் அவர்களே, நாற்காலி கொடுத்து உதவிய அண்ணாச்சி அவர்களே, ரயில்வே கேரேஜ் வொர்க்ஸிலும் லோகோ வொர்க்ஸிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்களே, என்னிடம் விலங்கியல் படித்த பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

டாக்டர் அம்மாவைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1949இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருடமே, 1950இல், நம் சென்ட்ரல் எதிரே இருக்கும் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அதே துறையைத் தொடங்கினார். நாட்டுக்கு முன்னோடியாக இருந்த ஊர்க்காரர்கள் நாம். அந்த மருத்துவமனைக்கு இங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்றைக்கு மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். நரம்பில் செய்தி எப்படி ஓடுகிறது, நினைவு எப்படித் தங்குகிறது, தூங்கும்போது மூளை என்ன செய்கிறது. அதற்கு முன் ஒரு பழமொழி. "தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே." என் அம்மா மாடு வைத்திருந்தவர், தினம் ஒரு தடவையாவது இதைச் சொல்வார். மாட்டின் கழுத்துக் கயிறு கையில் இருக்கும் வரை மாடு நம் சொல் கேட்கும். கயிற்றை விட்டுவிட்டு வாலைப் பிடித்தால் மாடு நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

முதலில் நரம்பு என்ற சொல்லைப் பார்ப்போம். யாழின் தந்தியை நரம்பு என்றோம். புறங்கையில் பச்சையாகத் தெரிவதையும் நரம்பு என்கிறோம். 'நரம்பு கிடைக்கவில்லை' என்று நர்ஸ் ஊசியோடு தேடுவதும் அதைத்தான். அது ரத்தக் குழாய். நான் பேசவந்த நரம்பில் ரத்தம் ஓடாது, செய்தி ஓடும். இந்த இரண்டும் நம் பேச்சில் ஒன்றாகக் கலந்து கிடப்பதால் உயிர்கள் போகின்றன. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. நியூரான் என்கிறோமே, அவைதான். ஒவ்வொன்றுக்கும் ஓர் உடல், செய்தி வாங்கும் கிளைகள், செய்தி அனுப்பும் ஒரு நீண்ட வால். ஆக்ஸான் என்ற அந்த வால், முதுகின் அடியிலிருந்து கால் விரல் வரை ஒரே இழையாக ஒரு மீட்டர் கூட ஓடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்கு ஒரு மீட்டர் வால்.

அதில் மின்சாரம் எப்படி வருகிறது? உப்பிலிருந்து. நம் வீட்டு சம்ப்பையும் மாடி டேங்க்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடித் தண்ணீரை மேலே ஏற்றி வைத்தால், குழாயைத் திறந்த நொடியில் அது பாயும். நியூரானின் சவ்வில் அப்படி ஒரு பம்ப் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், ஓயாமல். அப்படி ஏற்றி வைத்ததால்தான் செல்லின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கிறது. தூண்டல் வந்ததும் சோடியம் வாசல் திறக்கிறது, சோடியம் பாய்கிறது, மின்னழுத்தம் தலைகீழாகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி, அவ்வளவுதான். அந்தப் பாய்ச்சல் பக்கத்து வாசலைத் திறக்க, அது அடுத்ததைத் திறக்க, அலை ஓடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க உதவியது காசிமேட்டில் நாம் கூறு கட்டி வாங்கும் ஊசிக் கணவாயின் இனம். அதன் உடலில் ஒரு மில்லிமீட்டர் வரை தடித்த ஆக்ஸான் உண்டு, உள்ளே மின்முனையைச் செருகலாம். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அதை வைத்து 1952இல் இந்தக் கணக்கை எழுதினார்கள். 1963இல் நோபல் பரிசு வந்தது.

ரயில்வே நண்பர்களுக்காக ஒன்று. நம் ஆக்ஸான்கள் பலவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது, நடுநடுவே சிறு இடைவெளிகளோடு. செய்தி அந்த இடைவெளிகளில் மட்டும் நின்று நின்று தாவும், அரக்கோணம் பாஸ்ட் லோக்கல் சின்ன ஸ்டேஷன்களை விட்டுவிட்டுப் போவதுபோல. நொடிக்கு 120 மீட்டர் வரை வேகம். உறை இல்லாத மெல்லிய வலி நரம்புகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். கட்டில் காலில் சுண்டு விரல் இடித்ததும் முதலில் 'சுரீர்' என்கிறது, கொஞ்சம் பொறுத்து அந்தக் கடுப்பு வந்து சேர்கிறதே, இரண்டும் வேறு வேறு வண்டி.

ஒரு நியூரான் முடியும் இடத்துக்கும் அடுத்தது தொடங்கும் இடத்துக்கும் நடுவே சினாப்ஸ் என்ற இடைவெளி. பெரும்பாலும் அதை ரசாயனம்தான் கடக்கிறது. 1921இல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்துக்குக் கொடுத்தார். அதுவும் மெதுவாகத் துடித்தது.

சரி, பம்ப்புக்கு வருவோம். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும் பங்கு இந்த சோடியம் பம்ப்புக்குப் போகிறது. அதற்கான கரண்ட் ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனும் சர்க்கரையும். மூளையில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ரத்தம் நின்றால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் சோடியம் உள்ளே நிறையும், பின்னாலேயே தண்ணீர் வரும், செல் வீங்கிச் சாகும்.

என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரேஜ் வொர்க்ஸில் பிட்டர். அரம் பிடித்தால் தலைமுடி கனத்துக்கு இழைப்பார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு தினம் காலை ஆறு மணிக்கு ஓட்டேரி முனையில் டீ. அன்றைக்கு ஆறேகால் மணிக்கு டீ கிளாஸ் வலது கையிலிருந்து நழுவியது. மாஸ்டர் வேறு கிளாஸ் கொடுத்தார். அதுவும் நழுவியது. "இன்னா நைனா, ராத்திரி தூங்கலியா?" என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா பதில் சொல்லப் பார்த்தார், நாக்கு குழறியது. பக்கத்தில் நின்ற ஒருவர், "காலங்காத்தாலயே ஏத்திக்கினாருப்பா" என்று சிரித்தாராம். வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாத மனுஷர். காலை இழுத்துக்கொண்டு தனியாக வீடு வந்து சேர்ந்தார்.

சித்தி கதவைத் திறந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எனக்கு ஆள் வந்தது, ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் வாய்வு என்றார். எதிர்வீட்டு அம்மா ஓமத் தண்ணீர் கொண்டுவந்து புகட்டினார், சித்தப்பாவுக்குப் புரையேறியது. யாரோ நல்லெண்ணெயைச் சுட வைத்துக் கொண்டுவந்தார்கள். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அவருடைய வலது கையையும் காலையும் நீவினோம். இருபது வருடம் கரும்பலகையில் மூளை வரைந்தவன் நான். இடது மூளைதான் வலது கையை ஆள்கிறது, மூளைத்தண்டின் அடியில் நரம்புகள் பக்கம் மாறுகின்றன என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு என் கை அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குத் தெருமுனை கிளினிக் திறந்தது. வெறும் வீக்னெஸ் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போனபோது மணி பன்னிரண்டரை.

அங்கே இருந்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?" ஆறேகால் என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இது பக்கவாதம், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டது, நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டிருக்கலாம் என்றார். சித்தப்பா அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார். 'ஆமா' என்ற ஒரு சொல்தான் அவரிடம் மிச்சமிருந்தது. டீக்கடைப் பக்கம் அழைத்தால் வர மறுத்துவிடுவார்.

தும்பை விட்டு வாலைப் பிடித்தோம். தும்பு தலையில் இருந்தது, நாங்கள் கையை நீவினோம்.

மூளையின் பெரிய ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன. ஆனால் அடைப்பின் நடுப்பகுதிதான் உடனே போகிறது. அதைச் சுற்றியிருக்கும் பகுதி, பக்கத்துக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் ரத்தத்தில், வேலை செய்யாமலும் சாகாமலும் சில மணி நேரம் காத்துக்கொண்டிருக்கிறது. அதுதான் கையில் இருக்கும் தும்பு. அதைக் காப்பாற்றத்தான் அந்த நாலரை மணி நேரம். இப்போதெல்லாம் சிலருக்கு அதற்குப் பிறகும் குழாய் செலுத்தி அடைப்பை எடுக்கிறார்கள். அதை நம்பி யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா பாருங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று கீழே இறங்குகிறதா பாருங்கள். ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒன்று தவறினாலும் 108. மணி எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீர், கஷாயம், மாத்திரை எதுவும் வேண்டாம். ரத்த அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், அதனால் சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போங்கள்.

நினைவும் தூக்கமும் இன்னொரு கூட்டத்துக்கு இருக்கட்டும். மாமன்ற உறுப்பினர் அம்மாவிடம் ஒரு விண்ணப்பம். இப்போது சொன்னதை நாலு வரியில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். ஆட்டோ ஸ்டாண்டு, ரேஷன் கடை, அம்மா உணவகம் எல்லாவற்றிலும் இதை ஒரு போர்டாக வைக்க அனுமதி வாங்கித் தர வேண்டும். பெயின்ட் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். டீக்கடைகளுக்கு நானே நடந்து போய்க் கொடுக்கிறேன். காலையில் கிளாஸ் நழுவுவதை முதலில் பார்ப்பவர் டீ மாஸ்டர்தான், அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து டாக்டர் அம்மா மேடைக்கு வந்து அந்தச் சோதனையைச் செய்து காட்டுவார். முன்வரிசையில் இருப்பவர்கள் இரண்டு கையையும் தூக்கத் தயாராக இருங்கள். வணக்கம்.