செவலைக் கன்று மயிலையான கதை

வணக்கம்ங்க. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எல்லாம் கிளம்பியாச்சு. நாலாம் வகுப்பு அறையிலேயே உட்கார்ந்து பேசுகிறேன். ஆடிக் காற்று, ஜன்னல் படபடவென்று அடிக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். காங்கேயம் பக்கம் இந்த மாதத்தில் இப்படித்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் டேப்லெட்டில் மாடுகளைப் பற்றி ஒரு வீடியோ காட்டினேன். முடிந்ததும், "உங்க வீட்டு மாட்டை வரைங்க" என்று சொன்னேன். வகுப்பில் 19 பேர். பதினாறு பேர் வரைந்தது அந்த வீடியோவில் வந்த மாட்டைத்தான். கறுப்பு வெள்ளைத் திட்டுப் போட்ட சீமை மாடு! காலையில் கண் விழித்தால் கட்டுத்தரையில் காங்கேயம் மாட்டைப் பார்க்கிற பிள்ளைகள் இவர்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அவர்கள் மனதில் ஏற்கனவே இருந்த மாட்டுக்கு மேலே நான் ஒரு படத்தை ஒட்டிவிட்டேன்.

மறுநாள் டேப்லெட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக் கட்டுத்தரைக்குக் கூட்டிப் போனேன். அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றோம். திரும்பி வந்து குளத்துக் களிமண்ணைக் கொடுத்தேன். ஒரு பெண் பிள்ளை கன்றுக்குட்டி பிடித்துவிட்டுச் செம்மண்ணைக் கரைத்து மேலே பூசிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு, நம்ம ஊர் மாடு மயிலையாச்சே?"

"பொறக்கையில செவலைதானுங்க டீச்சர். ஆறு மாசம் போனா மயிலையாயிரும்."

அது உண்மைதான். காங்கேயம் கன்று செவலையாக, அதாவது செம்மண் நிறத்தில் பிறந்து, ஆறு மாதம் போல ஆகும்போது மயிலை என்கிற சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். காளையாக இருந்தால் பிறகு தலையும் திமிலும் கறுக்கும். நான் கோயமுத்தூர் டவுனில் வளர்ந்தவள், எனக்கு அது தெரியாது. பக்கத்தில் இருந்த பையன், "அப்ப அது மாறறதைக் காட்டோணுங்க டீச்சர்" என்றான். அப்போதுதான் எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன்.

ஸ்டாப் மோஷன் என்று சொல்வார்களே, அதுதான். பொம்மையைத் துளி மாற்றி ஒரு போட்டோ, மறுபடி துளி மாற்றி இன்னொரு போட்டோ. ஒரு வினாடிக்கு 12 போட்டோ என்று வைத்துக்கொண்டோம். பத்து வினாடிப் படத்துக்கு எத்தனை? நான் கேட்கவே இல்லை, அவர்களே போர்டில் பெருக்கி 120 என்று எழுதினார்கள். ஒவ்வொரு போட்டோவுக்கும் விரல் நுனியில் அடுப்புச் சாம்பல் தொட்டுக் கன்றின் மேல் தடவ வேண்டும். முதல் தடவை டேப்லெட் நகர்ந்துவிட்டது, கன்று தவளை மாதிரி குதித்தது. அப்புறம் இரண்டு செங்கல் வைத்து முட்டுக் கொடுத்தார்கள். எந்த இடம் முதலில் வெளுக்கும், காலா வயிறா என்று பெரிய சண்டை. முடிவாகவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கன்றைப் பார்த்து, தாத்தாவிடம் கேட்டு வந்தார்கள். ஒரு பையன் அம்மா போனில் கழுத்து மணிச் சத்தத்தைப் பதிவு செய்தே கொண்டுவந்துவிட்டான்.

பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் வீடியோ வருகிறது. நல்ல விஷயம்தான், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம் வந்த பிறகு ஆட்டம், பாட்டு, பொம்மை எல்லாம் சின்ன வகுப்புகளுக்குள் தாராளமாக வந்திருக்கிறது. இப்போது நான் மாற்றிக்கொண்டது வரிசையை மட்டும்தான். முதலில் கண்ணால் பார்க்கட்டும், கையால் செய்யட்டும். அவர்களுக்கே ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று வரும்போது டேப்லெட்டைக் கொடுக்கிறேன். கேட்டவுடன் படம் வரைந்து தருகிற ஏஐ செயலிகளை இந்த வயதுப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பதினாறு சீமை மாடும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ரெண்டாம் வகுப்புக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் என்று ஒரு செயலி போட்டுக் கொடுத்தேன், கட்டளைக் கட்டைகளை அடுக்கி பொம்மைகளை நகர வைத்துக் கதை செய்யலாம். அதில் கட்டளைக் கட்டைகளில் எழுத்தே கிடையாது, படக்குறிதான். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளையும் தன் குரலைப் பதிந்து கதை சொல்கிறது. அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன்.

சரி, ஒரு உதவி வேண்டும். படம் எடுக்கும்போது ஜன்னல் வெயில் கூடிக் குறைவதால் ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் சிமிட்டுகிறது. ஜன்னலைச் சாத்தினால் இருட்டு. அடுத்து காற்றாலை சுற்றுகிற படம் எடுக்கப் போகிறார்களாம், 240 போட்டோ. அதற்குள் சரிசெய்ய வேண்டும். உங்கள் வகுப்பில் இதற்கு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள், நாளைக்கே செய்து பார்க்கிறோம்.